மாமியாரின் பெயர்

கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக்கின் ஓவியக்கூடத்தில் புதுக் கண்காட்சி வைத்தால் முதல் ஞாயிற்றுக்கிழமையே புருல்சா ஆஜர். முப்பது வருடம் டிராலிபஸ் என்னும் மின்சாரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். சுற்றிப் பார்த்துவிட்டு, வாசலில் இருக்கும் கருத்துப் புத்தகத்தில் மனதில் பட்டதை ஒளிவுமறைவில்லாமல் எழுதுவாள். ‘இந்தக் குதிரைக்கு முட்டி எங்கே?’ என்று எழுதியதற்கு ஒருமுறை ஓவியரே வந்து சண்டை போட்டார். அவள் அசரவில்லை.

அந்த வசந்தத்தில் பழைய புகைப்படங்கள் வைத்திருந்தார்கள். நான்காவது படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். பீட்ரூட் வயலில் மண்வெட்டியோடு நின்றது அவளுடைய மாமியார். அதே கன்னத்துத் தழும்பு, அதே முறைப்பு. கீழே இருந்த அட்டையில் படம் எடுத்தவரின் பெயர், அவர் பிறந்த ஊர், கேமராவின் பெயர்கூட இருந்தது. கடைசி வரி: ‘பெயர் தெரியாத பெண்.’

புருல்சாவுக்குப் பொறுக்கவில்லை. கேமராவுக்குப் பெயர் உண்டு, ஏழு பிள்ளை பெற்று ஆயுசு முழுக்கக் கிழங்கு பிடுங்கியவளுக்குக் கிடையாதா? கருத்துப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் பொரிந்து தள்ளிவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் அட்டை அப்படியே இருந்தது. விறுவிறுவென்று அலுவலக அறைக்குள் புகுந்தாள். கண்காட்சிப் பொறுப்பிலிருந்த நூர்ஸாத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, எழுதினதைப் படிக்கவே மாட்டீங்களா? அழகுக்கா அந்தப் புத்தகம் வெச்சிருக்கீங்க?”

“நாலு பேர் உக்காந்து படிச்சோம்க்கா.” நூர்ஸாத் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். “நீங்களே பாருங்க. ‘என் மாமியார்’னு இருக்கு. ‘எங்க அத்தை’ன்னு இருக்கு. எங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சான்னும் இருக்கு. பேரு எங்க?”

புருல்சா பக்கத்தைப் புரட்டினாள். எங்கேயும் இல்லை. மாமியார் பெயரைக் கிர்கிஸ் மருமகள் வாயால் சொல்லமாட்டாள். கோபத்தில் எழுதும்போதுகூடக் கை அந்த வழக்கத்தை விடவில்லை.

“கண்காட்சி மலர் நாளைக்கு அச்சுக்குப் போகுது. இப்பச் சொன்னா மாத்திடுவேன்.”

“எங்க வீட்டுக்காரர் இருந்தா சொல்லுவாரு.”

“அவரு எங்க?”

“செத்துட்டாரு.”

நூர்ஸாத்தும் ஒரு வீட்டு மருமகள்தான். “சரி, எழுதியாவது குடுங்க,” என்று பேனாவைக் கொடுத்தாள்.

கை ஓடவில்லை. அந்த வீட்டுக்கு ஐந்து மருமகள்கள் வந்தார்கள். மரியாதை, மரியாதை என்று நாற்பது வருடம் அந்த மனுஷியின் பெயரை ஒருத்தியும் உச்சரிக்கவில்லை. அட்டை எழுதியவன் எவனோ, அந்த மனுஷியைப் பார்த்ததுகூட இல்லை. அவனை மட்டும் திட்டி என்ன? தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பேனாவை மேசைமேல் வீசிவிட்டுக் கூடத்துக்கு நடந்தாள்.

படத்துக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

“ஆயிம்கான்!” என்று கத்தினாள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். “இவங்க பேரு ஆயிம்கான்! எழுதிக்கோ!”

பின்னாலேயே ஓடிவந்த நூர்ஸாத், “இன்னொரு தடவை சொல்லுங்கக்கா,” என்றாள்.

“எத்தனை தடவை வேணும்?” என்றாள் புருல்சா. “ஆயிம்கான். ஆயிம்கான்.”