சாட்சிக்கு வந்த பலாமரம்

மாடத்தியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவள்மேல் அல்ல, எங்கள் சந்துக்காரர்கள்மேல். ஒருவர் பாக்கியில்லாமல் அவள் கையால் பலாச்சுளை வாங்கித் தின்றவர்கள். சாட்சி சொல்ல வாருங்கள் என்று அவள் கூப்பிட்ட அன்று ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒருத்தனுக்குப் பல்வலி, இன்னொருத்தனுக்கு வைப்பின் தீவில் மைத்துனன் வீட்டில் அவசர வேலை.

என் பெயர் பிச்சுமணி. கொச்சி மட்டாஞ்சேரியில் டெய்லர். தென்காசியிலிருந்து வந்து மாடத்தியின் குடிசைக்கு எதிரே கடை போட்டது 1971-இல். மெஷினில் உட்கார்ந்தால் அவள் முற்றமும் அதில் நிற்கும் பலாமரமும் நேராகத் தெரியும். நான் அந்தச் சந்துக்குப் புதிது என்பதால் இந்த விவகாரத்தில் என் சாட்சி செல்லாக்காசு. இல்லாவிட்டால் முதல் ஆளாக நான் போய் நின்றிருப்பேன்.

மாடத்தி சுக்குக் கிடங்கில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க சுக்கைப் புடைத்துவிட்டு, தூசியில் கண் சிவந்து, தும்மிக்கொண்டே வீடு திரும்புவாள். அவள் புருஷன் சுடலைமுத்து அதே கிடங்கில் மூட்டை தூக்கி, நெஞ்சு வலித்துச் செத்துப்போனான். மிச்சம் ஒரே மகள், காளியம்மை. தாயும் மகளும் கிடங்கு முதலாளி நாணுவின் வீட்டுக்குப் பின்னால், அவருடைய மனையின் மூலையில் இருந்தார்கள்.

அந்தக் குடும்பத்துக்குப் பாதி சோறு போட்டது பலாமரம். பங்குனியில் பிஞ்சுக் கறி, வைகாசியில் பழம், மழை மாதத்தில் கொட்டையைச் சுட்டுத் தின்பார்கள். இலையை மடித்து ஈர்க்குச்சி குத்தினால் கஞ்சி குடிக்கக் கரண்டி. உதிர்ந்த இலை ஆட்டுக்கு. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் மனுஷன் படுக்க முடியுமா? மாடத்தி வீட்டில் படுக்கலாம். மரம் அப்படிக் கவிந்து நின்றது. ஒரு தடவை அவளிடம், "கிடங்குச் சம்பளம் உனக்கு, வீட்டுச் செலவு மரத்துக்கு, அப்படித்தானே?" என்று கேலி செய்தேன். "ஆமா அண்ணாச்சி, அது ஒருநாளும் லீவு எடுக்காது" என்றாள்.

1974-இல் வந்தது வினை. அடுத்தவர் மனையில் நெடுங்காலமாகக் குடிசை போட்டு இருப்பவர்களுக்கு அந்தக் குடிசையும் அதைச் சுற்றி மூன்று சென்ட் இடமும் சொந்தம் என்று கேரளத்தில் சட்டம் வந்திருந்தது. குடிகிடப்பு என்பார்கள். சட்டம் குறித்த நாளுக்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்ததாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். மாடத்தி மனுப் போட்டாள். நாணு முதலாளிக்கு அந்த மூலையில் புதுக் கிடங்கு கட்ட ஆசை. "அவள் வந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை, அதற்கு முன்னால் அது என் விறகுக் கொட்டகை" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அப்போதுதான் அவர் செய்து வைத்திருந்த தருமத்தின் அழகு எங்களுக்குப் புரிந்தது. இரண்டு வருஷம் முன்னால், கூரை ஒழுகுகிறதே பாவம் என்று சொல்லி, பழைய மண் குடிசையை இடித்துவிட்டு, தன் செலவில் செங்கல் வைத்துத் தகரம் போட்டுக் கொடுத்திருந்தார். மாடத்தி அன்றைக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். இப்போது பார்த்தால் பழசு என்று காட்ட அந்த இடத்தில் ஒரு சுவர் இல்லை. ரேஷன் கார்டில் இருந்ததோ கிடங்கு விலாசம். சுடலைமுத்து அங்கே வேலை செய்தவன் என்பதால் முதலாளி அப்படிப் போட்டுக் கொடுத்திருந்தார்.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொள் என்று முதலாளியிடமிருந்து ஆள் வந்தது. அவள் வாங்கவில்லை. மறுநாள் தாய்க்கும் மகளுக்கும் கிடங்கில் வேலை இல்லை. அதற்கு மறுநாள் முதலாளி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று தடை. பிறகு ஒரு ஆட்டைக் காணோம். காளியம்மை என் கடைக்கு வந்து குடத்தை வைத்துவிட்டு, "மாமா, அம்மையிட்ட சொல்லுங்க, நாம தோத்துட்டுப் போயிருவோம்" என்று அழுதாள். நான் போய்ச் சொன்னேன். மாடத்தி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். "எங்க போவ அண்ணாச்சி? எனக்கு வேற எடம் எங்க இருக்கு?" என்றாள்.

விசாரணைக்கு ஆபீசர் ஆட்டோவில் வந்து இறங்கினார். குடையும் பையுமாக, நரைத்த மனிதர். நாணு முதலாளி நாலு ஆட்களோடு வந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், முகத்தில் ஊருக்கே நல்லது நினைக்கிறவர் போல ஒரு சிரிப்பு. அதைப் பார்க்கவே எனக்கு எரிந்தது.

"எத்தனை வருஷமா இங்க தாமசம்?" என்று ஆபீசர் மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"இருபது வருஷத்துக்கு மேல சாரே. கல்யாணம் கழிஞ்சு நேரா இங்கதான் வந்தேன்" என்றாள் மாடத்தி.

"சாட்சி ஆராவது உண்டோ?"

மாடத்தி சந்துப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்றிருந்த பேச்சியம்மாள் உள்ளே போய்விட்டாள். அவள் மகனும் கிடங்கில்தான் வேலை. இரண்டு கதவுகள் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டன.

"பாவம் சாரே, ஆரோ சொல்லிக் கொடுத்திருக்கு. போக்கிடம் இல்லேன்னு கரஞ்சு அழுதப்போ நானாக்கும் எடம் கொடுத்தது. நாலு வருஷம்கூட ஆகல்ல" என்றார் நாணு முதலாளி.

மாடத்தி பலாமரத்தைக் காட்டினாள். "இது என் தொடைத் தண்டி இருக்கும்போ வந்தவ சாரே நான்."

ஆபீசர் அண்ணாந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனாலும் தலையை ஆட்டினார். "மரத்துக்கு வயசு உண்டு, சரி. அன்னைக்கு நீ இங்க இருந்தேன்னு மரம் சொல்லுமோ?" பேனாவை மூடினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மாடத்தி மகளைப் பார்த்தாள். காளியம்மை வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தாள். அந்த மாதம்தான் அவளுக்கு வைப்பினில் ஒரு மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள்.

"சொல்லும் சாரே" என்றாள் மாடத்தி. நடந்துபோய் மரத்தில் தன் தலை உயரத்தில் புடைத்திருந்த ஒரு முண்டின்மேல் கையை வைத்தாள். "இதுக்குள்ள ஒரு ஆணி இருக்கு. ஆணியில என் தலைமுடி இருக்கு. வந்த புதுசுல எனக்குப் பேய் பிடிச்சிச்சு. செங்கோட்டையிலேருந்து கோடாங்கியக் கூட்டியாந்து, சந்துல யாருக்கும் தெரியாம ராத்திரியோட ராத்திரியா என் உச்சிமுடியப் பிடுங்கி, பேயோட சேத்து இதுல அறைஞ்சாங்க. பட்டை மேல வளந்து மூடிட்டு. வெட்டிப் பாருங்க."

சந்தே வாயைப் பிளந்தது. பேய் பிடித்தவளின் மகள் என்று தெரிந்தால் எவன் கட்டுவான்? அதனால்தான் இத்தனை வருஷமும் அவள் அதை வெளியே விட்டதில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அறைந்த ஆணியைப் பிடுங்கினால் பேய் மரத்தைவிட்டு இறங்கி வந்துவிடும். எங்கள் ஊர்ப்பக்கம் அந்த மாதிரி மரத்தில் ஆடுமாடுகூடக் கட்ட மாட்டார்கள். இவள் தன் வாயால் வெட்டச் சொல்கிறாள்.

ஆபீசருக்கு ஆர்வம் வந்துவிட்டது. முதலாளி வீட்டு விறகுவெட்டி ராசப்பனைக் கூப்பிட்டு, "அந்த எடத்துல மட்டும் பட்டையைச் செதுக்கு" என்றார். ராசப்பன் கோடாலியோடு தயங்கித் தயங்கி வந்தான். உதடு எதையோ ஜெபித்தது. மாடத்தி நகரவில்லை. அவன் கோடாலியை ஓங்கினான்.

"வெட்டண்டா! ராசப்பா, வெட்டண்டா!"

அலறியது நாணு முதலாளி. சந்தனம் வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது. ஓடிவந்து ராசப்பன் கையைப் பிடித்துக்கொண்டார். "என் குடும்பத்தை முடிச்சிருவியாடா நீ! ஆணி பறிஞ்சா அது மொதல்ல மண்ணுக்கு உடையவனைத்தான் பிடிக்கும். அந்தக் கோடாங்கி என் முகத்தைப் பார்த்துச் சொன்னது எனக்கு நல்ல ஓர்மை உண்டு!"

"எப்போ சொன்னது?" என்று ஆபீசர் மெதுவாகக் கேட்டார்.

"என் அச்சன் மரிச்ச வருஷம். ஐம்பத்திமூணுல. நானும் நின்னு பார்த்ததாக்கும்..."

அதோடு நிறுத்திக்கொண்டார். அவர் கணக்குப்பிள்ளை தலையில் கை வைத்தான். என் கடை வாசலில் யாரோ சிரித்துவிட்டார்கள், ஒருவேளை நானாகவே இருக்கலாம். பேனாவைத் திறந்த ஆபீசர், "ஆருக்கு அடிச்ச ஆணி?" என்று கேட்டார். முதலாளியின் கண் மாடத்தியிடம் போய்விட்டுத் திரும்பியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது, இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் பலாமர நிழலில் நின்று நான் பார்த்ததே இல்லை.

மூன்று சென்ட்டும் மரமும் மாடத்திக்கு வந்தன. வைப்பின் சம்பந்தம் போயிற்று. நினைத்ததுதான். இரண்டு வருஷம் கழித்து முனிசிபல் வேலையில் இருந்த ராஜன் என்ற பையன், பேயெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லிக் காளியம்மையைக் கட்டிக்கொண்டான்.

ரொம்ப நாள் என் மனதில் ஒரு கேள்வி கிடந்தது. 1983-இல், அந்தப் பொல்லாத வறட்சி வருஷம், மத்தியான வெயிலுக்குப் பயந்து நான் மெஷினையே அவள் மரத்தடிக்குக் கொண்டுபோய்ப் போட்டிருந்தேன். மாடத்தி பக்கத்தில் உட்கார்ந்து காலர் துணிக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டேன்.

"அன்னைக்குக் கொஞ்சம்கூட யோசிக்காம வெட்டச் சொன்னியே மாடத்தி. ஆணியப் பிடுங்கி, பேய் திரும்ப உன்னயப் பிடிச்சிருந்தா?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பேய் அண்ணாச்சி? எனக்கு ஒரு பேயும் பிடிக்கல. காளியம்மை அப்பன் தெனமும் குடிச்சிட்டு வந்து அடிப்பாரு. வந்த ரெண்டு மாசத்துல ஒரு பல்லு போச்சு. பேய் பிடிச்சவ கிட்ட நெருங்கப் பயப்படுவாங்கன்னு தெரியும். தலைய விரிச்சுப் போட்டு ஆடினேன். கோடாங்கி வேப்பங்கொழையால அடிச்சான், முடியப் பிடுங்கினான். அது ஒரு வலியா?"

நான் மெஷினை மிதிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். அவள் மரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஆணி அறைஞ்ச பெறகு, இந்த மரத்தத் தாண்டி வீட்டுக்குள்ள வரும்போதெல்லாம் அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான் வருவாரு. சாவுற வரைக்கும் எம்மேல ஒரு தடவகூட கை வைக்கல அண்ணாச்சி."