மூன்றாவது பந்து

அக்கா வீட்டுச் சாமி அலமாரியில் முருகன் படத்துக்கும் திருநீற்றுத் தட்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் கருவி உட்கார்ந்திருக்கிறது. பக்கம் பக்கமாக மூன்று கூடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு நீலப் பந்து, ஓரத்தில் வளைந்து தொங்கும் குழாய். முன்பக்கம் சந்தனம் இட்டு நடுவில் குங்குமம் வைத்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் இது எந்த ஊர்ச் சாமி என்று கும்பிடவும் முடியாமல் கேட்கவும் முடியாமல் நிற்பார்கள். நுரையீரல் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு மருத்துவமனையில் கொடுத்தனுப்பும் மூச்சுப் பயிற்சிக் கருவி அது. குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே ஏறும், இழுப்பை விட்டால் விழுந்துவிடும். அது சாமியான கதைதான் என் பாவாவின் கதை.

பாவா என்றால் என் அக்காவின் கணவர். கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். “தணி, தணி, தணி!” என்று அவர் கூப்பிட்டால், போக வேண்டாமென்று இருப்பவனுக்கும் ஏறி உட்காரத் தோன்றும். சின்ன வயதில் வந்த ஏதோ நெஞ்சுச்சளி அவருடைய இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. வருடக்கணக்காக இருமலாக இருந்தது, ஒரு மாசி மாதம் ரத்தமாக வந்தது. சென்னைக்குக் கொண்டுபோனோம். கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டுத் தையலோடு அனுப்பிவைத்தார்கள்.

அவர் திரும்பி வந்த அன்றே வீடு அவரைப் பாதி ஆள் என்று முடிவு கட்டிவிட்டது. தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் அக்கா பிடுங்கிக்கொள்வாள். ஆட்டோ சாவி அரிசிப் பானைக்குள் போனது. நாற்காலி முற்றத்துக்கு வந்தது. அந்த மூன்று பந்துக் கருவியைப் பாவா ஒருமுறை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். இழுக்க வேண்டியதை ஊதினால் பந்து எப்படி ஏறும்? பிறகு இழுத்தார். முதல் பந்து லேசாக நடுங்கி அப்படியே படுத்துவிட்டது. அவர் முகம் சுருங்கியதை அக்காவால் தாங்க முடியவில்லை. புருஷன் உயிரோடு வந்ததற்குச் சாட்சி என்று கருவியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துச் சாமியிடம் சேர்த்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வாங்காத பொருளே கிடையாது. ஆனால் பொட்டு வைத்தபின் பொருளை மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டும் என்பதை அக்கா மறந்துவிட்டாள்.

பாவாவின் வருத்தம் நாற்காலியைப் பற்றியது அல்ல. அவர்கள் குடும்பத்தில் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுப்பது மூத்த மகன். அடிவாரத்தில் தோளில் ஏற்றினால் மலைமேல் சன்னதியில்தான் இறக்க வேண்டும், நடுவில் தோள் மாற்றக் கூடாது. மூத்தவனால் முடியாமல் இரண்டு ஆடி தொடர்ந்து இளையவன் எடுத்துவிட்டால், அதன்பிறகு காவடி இளையவன் வீட்டோடு போய்விடும். அந்த ஆடியில் பாவாவின் தம்பி எடுத்தான். பாவா சரவணப் பொய்கைப் படியில் உட்கார்ந்து, மேலே போகும் மஞ்சள் வேட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அடுத்த வருசமும் அவனே எட்த்தான்னா நான் ஆட்டோவுக்கும் ஆவாது, ஆண்டவனுக்கும் ஆவாது” என்றார் என்னிடம்.

அதற்கடுத்த மாதம் மருத்துவரைப் பார்க்க நானும் கூடப் போனேன். பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள் என்பதால் டாக்டர் பேச்சைப் புரிந்துகொள்ள என்னைக் கூட்டிப்போவது வழக்கம். தினமும் எவ்வளவு நடக்கிறார் என்று அந்த டாக்டரம்மா கேட்டதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நடக்கறதா? ஒரு துரும்பக்கூட எடுக்க உடலைங்க மேடம். குந்த வெச்சே சோறு போட்டுகினு இருக்கறேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க பாசத்துல பண்ணது அவருக்கு எதிராப் போயிடுச்சும்மா. வெட்டின துண்டு திரும்ப வராது. ஆனா மிச்சம் இருக்கிற நுரையீரல் விரிஞ்சு காலி இடத்த எடுத்துக்கும். சின்னப் பிள்ளைங்களுக்குப் புதுக் காத்துப் பையே முளைக்கும். பெரியவங்களுக்கும் கொஞ்சம் முளைக்கலாம்னு சொல்றாங்க, எல்லாருக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன். ஆனா நல்லா இழுத்து விரிக்கணும், வேலை குடுக்கணும். உக்கார வெச்சா எப்படி விரியும்?”

திரும்பும் ரயிலில் நான் பாவாவைச் சீண்டினேன், அவருக்கு அது மருந்து. “பல்லிக்கு வால் மாதிரி உங்களுக்கு முளைக்காதாம் பாவா.” அவர் வெகுநாள் கழித்துச் சிரித்தார். “ஆங், புரிஞ்சுது டீச்சரம்மா. அண்ணன் தம்பில ஒருத்தன் தனிக்குடித்தனம் பூட்டா மத்தவன் பாய அகலமா விரிச்சுக்கறான்ல, அப்டி. குந்தித் துன்னா குன்றே மாளுமாம், இந்த நுரையீரல் எம்மாத்திரம்?” பல வருடம் நான் கரும்பலகையில் வரைந்து காட்டிய உறுப்புதான். போனதை நினைத்துக் குமையாமல் இருப்பதைப் பெரிதாக்கிக்கொள்ளும் அதன்மேல் அன்றைக்கு எனக்கு மரியாதையே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கருவியை அலமாரியிலிருந்து இறக்கினாள். அப்புறம் தயங்கினாள். வாய் வைத்ததைத் திரும்பச் சாமியிடம் வைக்கலாமா? “மூச்சே அவரு குட்த்தது. அதுக்கு ஏதுடி எச்சிலு?” என்றார் பாவா. அத்தோடு வழக்கு முடிந்தது. காலையில் கருவி இறங்கும், பயிற்சி முடிந்ததும் கழுவி மறுபடி ஏறும். அக்கா கரண்டியோடு எதிரில் நிற்பாள். அவர் அவசரத்தில் ஊதினால், “ஊதாதீங்க, இழுங்க” என்பாள். தைக்குள் இரண்டு பந்து ஏறின. நடை வயல் வரப்பில் தொடங்கி மலைப்படிவரை வந்தது. அரிசிப் பானையிலிருந்து சாவியும் வெளியே வந்தது. மூன்றாவது பந்து மட்டும் அசைவேனா என்றது.

மறு ஆடியில் பாவா காவடியைத் தோளில் ஏற்றினார். தம்பி ஒரு பக்கம், அக்காவும் நானும் பின்னால். பாதிக்கு மேல் ஏறியதும் அவர் நின்றுவிட்டார். வாய் திறந்து மூச்சு வெளியே வெளியே போனது, உள்ளே வருவதாகத் தெரியவில்லை. காவடிப் பூக்கள் ஆடின. பின்னால் வந்த கூட்டம் நெருக்கியது. “குட்துடுண்ணா” என்று தம்பி தோளைக் கொடுத்தான். பயந்து கொடுத்தானே தவிர ஆசைப்பட்டு அல்ல. ‘வாங்கிக்கொள்’ என்று அவனிடம் சொல்ல எனக்கே வாய்வரை வந்தது. அக்காதான் முதலில் அழுவாள் என்று திரும்பினேன்.

அவள் இரண்டு படி தாவி அவர் முகத்துக்கு நேரே போய் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து ‘ங்க’ போடாமல் பேசியறியாதவள், “யோவ், ஊதாத! இழு!” என்று கத்தினாள். “மொதப் பந்து… ஆங், ஏறிச்சு. ரெண்டாவது… இழுய்யா, இன்னும் இழு!” சுற்றிலும் மலை முழுக்க அரோகரா. நடுவில் இவள் மட்டும் பந்து, பந்து என்கிறாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இழுத்தார். விலா விரிவது ஈர வேட்டிக்கு மேலே தெரிந்தது. பிறகு காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தார். சன்னதியில் காவடியை அவரேதான் இறக்கினார். தம்பி அங்கேயே அண்ணன் காலில் விழுந்தான்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆடி வந்துவிட்டது. கண்டிகையில் பழையபடி “தணி, தணி” கேட்கிறது, இன்னும் கொஞ்சம் சத்தமாகவே. உள்ளே புதிதாக ஏதாவது முளைத்ததா, இருந்தது விரிந்ததா என்று நான் அவரைக் கேட்பதில்லை. காவடி புறப்படும் காலையில் அக்கா கருவியை இறக்கி அவர் கையில் கொடுப்பாள். அவர் மூச்சை இழுத்துப் பந்து ஏறிய பிறகுதான் விளக்கேற்றுவாள். இந்த ஆடியில் திரி ஈரமாக இருந்தது. முதல் தீக்குச்சி அணைந்துபோனது. அக்கா பதறாமல் இன்னொரு குச்சியை உரசினாள். விளக்கு பற்றிக்கொள்ளும்வரை மூன்று பந்தும் மேலேயே நின்றன.