மலரின் ஜாயினிங் தேதி

ஆடிட் என்றால் எங்கள் கம்பெனியில் முதலில் காணாமல் போவது ஆறு பெண்கள். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட்டர் தொழிலாளர் கணக்கைப் பார்க்கக் கேட்டுக்குள் நுழையுமுன் அவர்களை மாடி குடோனுக்கு அனுப்பிக் கதவைச் சாத்துவது என் வேலை. தாராபுரம் ரோட்டில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் நான் எச்.ஆர். ஆபீசர். ஆடிட் நல்லபடியாக முடிந்தால் எனக்கு ஸ்வீட் பாக்ஸ் உண்டு. வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ஆறு பேரும் இலங்கைப் போருக்குத் தப்பி வந்தவர்கள். அகதி முகாமிலிருந்து வேலைக்கு வந்தார்கள். "ஆதார் இல்லை, மஸ்டர் பதிவேட்டில் பேர் ஏற்ற முடியாது" என்று எனக்கு முன்பிருந்தவர் சொன்னதை நானும் கிளிப்பிள்ளை மாதிரி சொன்னேன். அரசாங்கம் கொடுத்த முகாம் அட்டை அவர்களிடம் இருந்தது. அது போதுமா என்று ஒரு போன் போட்டுக் கேட்க எனக்கு நாலு வருடமாக நேரம் கிடைக்கவில்லை.

அன்றைக்கு ஐந்து பேர் எழுந்தார்கள். ஓவர்லாக் மெஷினில் இருந்த மலர் மட்டும் எழவில்லை. பன்னிரண்டு வயதில் படகில் வந்தவர்.

"எந்திரிங்க மலர், ஆடிட்டர் வந்துட்டாருங்க."

"நான் வரேல்ல அக்கா. முகாமில செக்கிங் எண்டா வரிசையில நிண்டு முகம் காட்டவேணும், இல்லாட்டிப் பேரை வெட்டிப்போடுவினம். இஞ்ச செக்கிங் எண்டா ஒளிக்கவேணும். குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ள ஒளிச்சிருந்தம், சரி. டீ-சர்ட் தைக்கிறதுக்கும் ஒளிக்கவேணுமோ?"

அதைக் கேட்டதும் மற்ற ஐந்து பேரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

ஆடிட்டர் ஆறு பேரிடமும் பேரைக் கேட்டு மஸ்டரைப் புரட்டினார். "இவங்க பேரு இதுல இல்லையே?"

"இன்னைக்குத்தான் ட்ரையலுக்கு வந்தாங்க" என்பது நாங்கள் தயாராக வைத்திருந்த பொய். பின்னால் நின்ற மேனேஜர் கண்ணைக் காட்டினார். மலர் மெஷினை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தார்.

"நாலு வருஷமா வேலை செய்யறாங்க சார். பேரை எழுதாதது நாங்கதானுங்க" என்றேன்.

ஆடிட்டர் அதைக் கம்பெனியின் தவறு என்று எழுதி, திருத்த ஒரு மாதம் கொடுத்தார். அவர் போனதும் மேனேஜர் குதித்தார். "ஏனுங்க மேடம், தலையில கல்லைப் போட்டுட்டீங்களே! பேசாம ஆறு பேரையும் நிறுத்திப்போடலாமுங்க."

"நிறுத்துங்க சார். நிறுத்திட்டீங்கன்னு ஆடிட்டருக்கு நானே மெயில் போடறேனுங்க."

சொல்லிவிட்டு லேபர் ஆபீசுக்குப் போன் போட்டேன்.

முகாம் அட்டையை வைத்தே பேர் ஏற்றலாம் என்பது ஒரே போனில் தெரிந்தது. அந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அடித்தேன். மலர் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"தேதி பிழை அக்கா. நான் இண்டைக்கோ வேலைக்கு வந்தனான்?"

"பழைய தேதி போட்டா சர்வீஸ் கணக்கு வரும், நாலு வருஷத்துக்கும் பி.எஃப். பணம் கட்டணும், மேனேஜர் ஒத்துக்க மாட்டாருங்க. இதாவது கிடைச்சுதேன்னு போடுங்க மலர்."

"நாங்கள் படகில வந்த தேதியையும் பிழையாத்தான் எழுதி வச்சிருக்கினம். அப்ப சின்னப்பிள்ளை, பேசாமல் இருந்திட்டன். இப்ப இருக்க மாட்டன்."

முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை செய்தும் இப்படியா என்று. அவர் எழுந்து போகவில்லை, சும்மா காத்திருந்தார். தேதியைக் கோடு போட்டு அடித்து, நாலு வருடம் முந்தைய சரியான தேதியை எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் கையெழுத்திட்டார்.

எச்.ஆர். வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஓர் ஆளின் பேரை மஸ்டரில் எழுதுவது நீங்கள் செய்யும் உதவி இல்லை. அதற்கு அவர் நன்றி சொல்ல வேண்டியதில்லை. எழுதாமல் விட்ட நாட்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.