கத்தி வேண்டாம் என்று முடிந்த காசு

தாயை நம்பி வாழும் அக்கா தங்கைகளே, என் மகன் பிழைத்த கதையைச் சொல்கிறேன்.

மூத்தவளை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். தையலில் சீழ் பிடித்து, பிள்ளையைத் தூக்கக்கூட முடியாமல் கிடந்தேன். அதைவிட வலித்தது மாமியாரின் பேச்சு. "வலி தெரியாம பெத்தவளுக்குப் புள்ள அருமை எப்படிலா தெரியும்?"

இரண்டாவது தங்கியதும், சுகப்பிரசவம்தான் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "முயற்சி செய்யலாம். பழைய தையல் பிரிகிற மாதிரி தெரிந்தால் உடனே ஆபரேஷன்" என்றார். முதல் பாதிதான் என் காதில் ஏறியது.

கோப்பெங் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காடு. மாரியம்மன் கோவில் மட்டும் நிற்கிறது. அங்கே மஞ்சள் துணியில் காசு முடிந்து கையில் கட்டிக்கொண்டேன். 'கத்தி படாமல் பெற்றால் பால்குடம் எடுக்கிறேன், தாயே.'

வலி கண்ட அன்று மத்தியானம்வரை ஒரு குறையும் இல்லை. பிறகு பழைய தையலில் சுரீர் என்று பிடித்தது, விடவேயில்லை. பிள்ளையின் துடிப்பு இறங்கியது. டாக்டர் கையெழுத்துக் கேட்டார். "மாட்டேன், வேண்டுதல் இருக்கு" என்றேன்.

என் கணவர் அழுதுவிட்டார். "தேவி, புள்ள போயிரும்லா! ஆத்தா கத்தியவா பாக்குறா? ஒன்னயத்தான் பாக்குறா!"

அப்போதுதான் உறைத்தது. நான் வேண்டவில்லை, அவளுக்கே நிபந்தனை போட்டிருந்தேன். 'எப்படியாவது பிள்ளையைக் கொடு தாயே' என்று கதறிக் கையெழுத்துப் போட்டேன். கையில் எதுவும் இருக்கக் கூடாதாம். அந்த அவசரத்திலும் மலாய் நர்ஸ் முடிச்சை வெட்டவில்லை. அவிழ்த்து என் கணவரிடம் கொடுத்து, "சிம்பான் பாயிக்-பாயிக்" என்றாள். பத்திரமாக வைத்துக்கொள் என்று.

கண் விழித்தபோது மகன் கண்ணாடிப் பெட்டியில், உயிரோடு. கர்ப்பப்பை கிழிந்து ரத்தம் நிற்காததால் அதை எடுத்துவிட்டார்கள். இனி எனக்குப் பிள்ளை இல்லை. அந்த அழுகை இன்னும் ஓயவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

"கத்தி பட்டுருச்சே, பால்குடம் எதுக்கு?" என்றார் மாமியார். நான் எடுத்தேன். நடக்க நடக்கத் தையல் இழுத்தது. மகன் மாமியார் இடுப்பில்தான் கூட வந்தான்.

நீங்களும் அவளிடம் கேளுங்கள். அழுது, சண்டை போட்டுக் கேளுங்கள். எந்த வழியில் வர வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். எனக்காக வந்த அன்று அவள் கையில் கத்தி இருந்தது.