திரைச்சீலையில் ஒரு தையல்

சுங்குவார்சத்திரத்தில் பேருந்துக்கு நிற்கும் என்னை மழை துரத்தி, தகரக்கூரை போட்ட ஒரு சின்னக் கிறிஸ்தவ சபைக்குள் தள்ளுகிறது. உள்ளே இஸ்ரவேலரின் பழைய ஆலயம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்காக கார் சீட் தைக்கும் கம்பெனிப் பெண்கள் செய்தது. ஏழு கிளை விளக்கு, அப்ப மேசை, தூபபீடம் எல்லாமே கழித்துப்போட்ட பேக்கிங் பலகை என்றால் நம்ப முடியவில்லை.

"வெளக்கும் ஏசுதான், அப்பமும் ஏசுதான் சார்," என்கிறாள் குளோரி. உள்ளூர்க்காரி. ஆலயத்தின் உள்ளறையை மறைக்கும் திரையின் முன்னால் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். "இத்த நான் கிழிச்சி வச்சிருந்தேன். உள்ள பிரதான ஆசாரியன், அதான் பெரிய பூசாரி, அவர் மட்டுந்தான் போவணும், அதுவும் வருஷத்துக்கு ஒருவாட்டி. ஏசு உயிர் வுட்டப்போ மேலேர்ந்து கீழ கிழிஞ்சிச்சு. அப்பால யார் வேணா போலாம். இவ இன்னா பண்ணா தெரியுமா? தெச்சி வச்சிட்டா."

பக்கத்தில் செல்வி. தென்காசிக்காரி, கம்பெனியில் குளோரியின் லைனில் தையல் வேலை. சபையைச் சேர்ந்தவள் அல்ல, உதவிக்கு வந்தவள்.

"கிழிசலைப் பாத்தா கை சும்மா இருக்க மாட்டேங்கு," என்கிறாள்.

குளோரி நாற்காலியில் ஏறித் திரையின் மேல் ஓரத்தை இழுக்கிறாள். தையல் அசையவில்லை. இன்னும் பலமாக இழுக்கிறாள். துணி தையலுக்குப் பக்கத்தில் புதிதாகக் கிழிந்து தரைவரை வருகிறது.

"எங்க லைன் தையல் சார், பிரியாது." பிறகு செல்வியிடம், "நீயே மொதல்ல போ."

துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, உள்ளறையில் பொன்தாள் ஒட்டி வைத்திருக்கும் உடன்படிக்கைப் பெட்டியை நோக்கி செல்வி நுழைகிறாள். போகிற போக்கில் தன் தையலை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாள்.