சமையல்கட்டுக்கு அடியில் இருந்த மணல்

என் கணவர் வண்டியிலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் பக்கத்து மனையில் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். லாட்ஜ் வரப்போகிறது, கார் நிறுத்த பூமிக்கடியில் ஒரு தளம் என்றார்கள். வைத்திக்குப்பத்தை ஒட்டிய எங்கள் தெருவில் மண் என்று எதுவும் கிடையாது, எல்லாம் கடல் மணல்தான். ஆளுயரம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் இன்னும் கீழே போக முடியும் என்று பெரிய மோட்டார்களைப் போட்டு ராப்பகலாக ஓட்டினார்கள்.

முதலில் எங்கள் வீட்டுப் போர்வெல்லில் தண்ணீர் நின்றது. வெயில் காலம்தானே என்று விட்டுவிட்டேன். மோட்டார்த் தண்ணீர் வந்து விழும் சாக்கடையில், சலித்து எடுத்ததுபோல மணல் சேர்ந்திருந்தது. எதிர்வீட்டு அக்கா பூந்தொட்டிக்கென்று அள்ளிக்கொண்டு போனார். "நீயும் எடுத்துக்கோடி, இன்னா நைஸா இருக்கு பாரு" என்றார். நானும் ஒரு வாளி அள்ளினேன். எங்கள் வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்த மணல் அது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு சமையல்கட்டுப் பின்கதவு தாழ்ப்பாளில் பொருந்தவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து செங்கல் செங்கலாகப் படியிறங்கியதுபோல ஒரு விரிசல் வந்தது. சைட் என்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முப்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு, மரியாதையாகத்தான் பேசுவார். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லை வைத்து இரண்டு பக்கமும் சிமெண்டால் ஒட்டினார்.

"இது உடையாம இருந்தா பயமில்லம்மா. செவுரு அசைஞ்சாதான் உடையும்."

சோறும் ரசமும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாத்தனார் அங்கே துணைக்கு இருந்தார். ஆபரேஷன் முடிந்து என் கணவரால் இன்னும் எழுந்து உட்கார முடியவில்லை. என்னைப் பார்த்ததும் கேட்டார்: "பின்கதவு தாழ்ப்பாள் போட்டுட்டு வந்தியா?"

"போட்டுட்டேங்க."

வீட்டைப் பற்றி அவரிடம் என்னவென்று சொல்வது? மில்லில் வேலை பார்த்த அவருடைய அப்பா கட்டிய வீடு. அவர் பிறந்ததும் அங்கேதான். படுத்த படுக்கையாகக் கிடப்பவரிடம் அதைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது.

புகார் கொடுக்கப் போன நகராட்சி ஆபீஸில் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். மறுநாள் போனேன், அதையே சொன்னார்கள். மூன்றாவது முறை போனபோது என்னைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்குள் விரிசலில் என் சுண்டுவிரல் நுழைந்தது. தரையில் தண்ணீர் சிந்தினால் எல்லாம் குழி இருந்த பக்கமாகவே ஓடியது.

மறுநாள் காலை நேராகக் குழிக்குப் போனேன். என்ஜினியர் மோட்டார் பக்கத்தில் நின்றிருந்தார்.

"மோட்டார நிறுத்துங்க சார். உங்க கால்ல வேணா விழறேன்."

அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. "நிறுத்தினா இன்னும் மோசமாயிடும்மா. இவ்ளோ ஆழம் தோண்டியாச்சு. இப்போ இறைக்கிறத விட்டா கீழேருந்து தண்ணி மணலத் தள்ளிக்கிட்டு மேல வரும். உங்க பக்கத்து மண்ணெல்லாம் குழிக்குள்ள சரிஞ்சிடும்."

"அப்போ ஓட்டுங்க."

"ஓட்டினாலும் தண்ணியோட சேர்ந்து மணலும் போவுதும்மா. கொஞ்சம் கொஞ்சமா."

ஓட்டினாலும் போகும், நிறுத்தினாலும் போகும். "அப்போ நான் இன்னாதான் சார் பண்றது?" என்று கத்தினேன்.

"குழிய மூடணும். அது ஒண்ணுதான் வழி. பக்கத்துல மண்ணு சரியாம தடுப்பு இறக்கிட்டுத் தோண்டலாம்னு ஆரம்பத்துலயே சொன்னேன். ஓனர் கேக்கல."

எனக்கு எதிரிலேயே ஓனருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. "சரிங்க சார், சரிங்க சார்" என்று மட்டும் இவர் சொன்னார். போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, "மூடக்கூடாதுன்றாரும்மா" என்றார்.

தோண்டிய மணலை ஏற்றிக்கொண்டு லாரி ஒன்று குழியிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. நான் போய் அந்தச் சரிவின் குறுக்கே உட்கார்ந்தேன். டிரைவர் ஹாரன் அடித்தார். வேலையாட்கள் "எழுந்திரு ஆத்தா" என்று கெஞ்சினார்கள். எழுந்து எங்கே போவது? என் வீட்டு மண் வெளியே போகக்கூடாது. அப்போது என் புத்தியில் இருந்தது அது ஒன்றுதான்.

அப்போதுதான் அந்தச் சத்தம். இடி மாதிரி இல்லை, மூட்டையை இறக்கிப் போட்டது மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். சமையல்கட்டும் குளியலறையும் இருந்த இடத்தில் புழுதிதான் எழுந்தது. பாதிச் சுவர் குழிக்குள் கிடந்தது. அடுப்பு மேடையும் தட்டு ஸ்டாண்டும் ஜன்னலும் சரிந்து கிடந்தன. உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் "ஐயோ, ஐயோ" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன்.

என்ஜினியர் யாரிடமும் கேட்கவில்லை. லாரி டிரைவரைப் பார்த்து "கொட்டு! இங்கயே திருப்பிக் கொட்டு!" என்று அலறினார். வெளியே போன லாரிகளையும் போன் போட்டுத் திரும்ப வரவழைத்தார். சாயங்காலம் வரை எங்கள் பக்கத்துச் சுவரோரம் மணல் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். மூட்டைகளை அடுக்கி, குழி முக்கால்வாசி நிரம்பிய பிறகுதான் மோட்டார்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். கூடமும் ஓர் அறையும் நின்றன, ஒருபக்கம் சாய்ந்து. உள்ளே போகக்கூடாது என்று கயிறு கட்டிவிட்டார்கள். இத்தனை நாள் வராத ஆபீஸ் ஆட்கள்தான் வந்து கட்டினார்கள்.

அந்த வாரமே என் கணவரை டிஸ்சார்ஜ் செய்தார்கள். "வா, நம்ம வூட்டுக்குப் போலாம்" என்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இனி மறைக்க வழியில்லை. வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அவர், "காஸ் சிலிண்டர எடுத்துட்டியா?" என்று கேட்டார்.

"இல்லங்க. மண்ணுக்குள்ள போயிடுச்சு."

"நீ உள்ள இல்லல்ல. வுடு" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு விம்மினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

ஆட்டோ பிடித்து நேராகத் தவளக்குப்பத்தில் நாத்தனார் பார்த்துவைத்திருந்த வாடகை வீட்டுக்குப் போனோம். நின்ற பாதி வீட்டையும் ஆபத்து என்று மழைக்கு முன்னால் இடித்துவிட்டார்கள். லாட்ஜ் வரவில்லை. வழக்கு நடக்கிறது. அந்த என்ஜினியருக்கு வேலை போய்விட்டது என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. அன்று அவர் மட்டும் துணியாமல் இருந்திருந்தால் எதிர்வீடும் போயிருக்கும் என்பதும் தெரியும். மனை எங்கள் பெயரில்தான் இருக்கிறது. மறுபடி கட்டலாமா என்று என் கணவர் எப்போதாவது கேட்கிறார். அந்த மணலில் இன்னொரு தடவை கால் வைத்து நிற்கவே எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல வாய் வராமல், பார்க்கலாம் என்கிறேன்.