must என்று சொல்லப் பயந்த ஜெஸீமா

ஜெஸீமா மௌத்தாகிவிட்டாள்.

வீட்டு வேலைக்கென்று போன நாட்டில், முந்தாநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு. இதயம் நின்றுவிட்டதாம்... அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்கிறார்கள் இல்லை.

கல்முனையில் எங்கள் கொமினிகேசன் கடைக்கு வந்துபோன எல்லோருக்கும் அவளைத் தெரியும். இங்கிலீஷ் கடிதம் எது வந்தாலும் வாசித்துத் தமிழில் சொல்வாள். பக்கத்துக் கதிரையில் இருந்து நான் டைப் பண்ணுவேன். ஆறு வருஷம் அப்படித்தான் போனது.

வெளிநாடு போகும் பெண்கள் ஏஜென்சியில் கொடுத்த ஒப்பந்தத்தோடு வருவார்கள். ஜெஸீமா பென்சிலை எடுத்து ஒவ்வொரு சொல்லாகக் கோடு போடுவாள்.

இறக்காமத்திலிருந்து வந்த ஒரு பெண்ணை மறக்க முடியவில்லை. அவளுடைய வயல் வேளாண்மையை யானை மிதித்துவிட்டுப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"இஞ்ச பாருங்க தங்கச்சி. நீங்க செய்ற வேலைக்கெல்லாம் must எண்டு இரிக்கி. செஞ்சே ஆகணும். லீவு தாறதுக்கு may எண்டு போட்டிரிக்காங்க. தந்தாலும் தருவாங்க, தராமலும் விடுவாங்க."

அந்தப் பெண் தாளைப் பார்க்கவேயில்லை. "அதுக்கு என்ன ராத்தா செய்ற... போகத்தானே வேணும்."

ஜெஸீமா அவளுக்கு ஒரு பிளேன்டீ எடுப்பித்துக் கொடுத்தாள்.

அந்தப் பெண் போன பிறகு ஜெஸீமா என்னிடம் கேட்டாள். "போகத்தானே வேணும் எண்டாளே... அதுக்கு இங்கிலீஷ்ல என்ன போடுவாய்?"

"must."

"இல்லடி. must எண்டா ஆராவது நிண்டு 'செய்' எண்டு செல்லணும். இவள ஆரும் போகச் செல்லல்ல. நெலமதான் தள்ளுது. அது have to."

இப்படி அவள் விளக்கம் சொன்னதில் நாலைந்து பேர் போகாமல் நின்றுவிட்டார்கள். ஏஜென்சிக்காரர் வந்து சத்தம் போட, முதலாளி அவளைக் கூப்பிட்டு, "நீ வாசிக்கிற வேலைய மட்டும் செய் புள்ள" என்றார். "அதத்தானே செய்றன் காக்கா" என்றாள். முகத்தில் சிரிப்புகூட இல்லை. நான்தான் மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தேன்.

பிறகு அவளுடைய மாப்பிள்ளை சாய்ந்தமருதில் தோணி தள்ளும்போது விழுந்தார். முதுகெலும்பு. இனிக் கடலுக்குப் போக ஏலாது என்றுவிட்டார்கள். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள், சின்னவளுக்கு அப்போதுதான் பல் விழத் தொடங்கியிருந்தது.

ஒருநாள் காலையில் ஒரு ஒப்பந்தத்தை என் முன்னால் வைத்து, "ரெண்டு கொப்பி அடிச்சுத் தா" என்றாள். பெயரைப் பார்த்தேன். அவளுடைய பெயர்.

வாசித்தேன். அதே must. அதே may. ஒரு சொல்லும் மாறவில்லை.

"தெரிஞ்சுமாடி?"

"தெரிஞ்சுதான். தெரியாமப் போனவளுகளுக்காவது கொஞ்சம் நிம்மதி இருந்திரிக்கும்."

கொப்பி அடித்துக் கொடுத்தேன். என் கையால்தான்...

அங்கே போன பிறகு வெள்ளிக்கிழமைகளில் வொய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். பிள்ளைகளைப் போய்ப் பார்த்தாயா, மழை பெய்கிறதா, முதலாளி இன்னும் அந்தப் பழைய பிரின்டரைத்தான் வைத்திருக்கிறாரா... இப்படி.

போன மாதம் வந்ததில் மூச்சு வாங்கியது. படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது என்றாள்.

"அந்த வூட்டு மேடம்கிட்டச் செல்லல்லயா?" என்று கேட்டேன்.

"செல்லினன். Could I see a doctor, please எண்டு கேட்டன். நாளைக்கு எண்டாங்க. மூணு தரம் கேட்டாச்சு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னடி could? I must see a doctor எண்டு செல்லு! ஊருக்கே படிச்சுக் குடுத்தவள் நீ."

பிறகு சின்னதாக ஒரு வொய்ஸ். "பயமா இரிக்கிடி. இந்த வூட்டுல must எண்டு செல்ற ஆக்கள் அவங்கதான்."

ஏஜென்சிக்குக் கோல் பண்ணினேன். சொல்லிப் பார்க்கிறோம் என்றார்கள். திரும்பவும் எடுத்தேன். அதற்குப் பிறகு அவர்கள் ஃபோன் எடுக்கவில்லை. வேறு எங்கே போய்ச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

இன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு அவளுடைய மாப்பிள்ளை பொல்லை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தார். அந்த நாட்டிலிருந்து வந்த இங்கிலீஷ் கடிதம் ஃபோனில் இருந்தது.

"வாசிச்சுச் செல்லு புள்ள."

அங்கேயே அடக்கம் செய்வதென்றால் குடும்பம் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று இருந்தது. உடலை ஊருக்கு அனுப்புவதென்றால் பல மாதங்கள் ஆகலாம். எத்தனை என்று இல்லை. அனுப்பியே தீருவோம் என்றும் ஒரு வரி இல்லை. மேலும் கீழுமாகத் தேடினேன்.

"கொண்டு வர ஏலாதாமா?"

"ஏலும் எண்டுதான் போட்டிரிக்கி மச்சான்... எப்ப எண்டு போடல்ல."

"புள்ளயள் உம்மாட மொகத்தக் கேக்குதுகள்."

கடிதத்தை மறுபடியும் மேலிருந்து வாசித்துச் சொன்னேன்.

கடைசியில் அவரே முடிவைச் சொன்னார். "மாசக்கணக்கா அவள ஐஸுல போட்டு வெக்க எனக்கு மனசு கேக்குதில்ல. அடக்கட்டும்."

கையெழுத்துத் தாளைப் பிரின்ட் எடுத்தேன். முதல் தாள் அந்தப் பழைய பிரின்டரில் சிக்கிக் கிழிந்துபோனது. இரண்டாவதில் அவர் கையெழுத்துப் போட்டார். ஸ்கேன் பண்ணி அனுப்பினேன்.

நாளை அங்கே அடக்குவார்கள் என்று இப்போதுதான் மெசேஜ் வந்தது. எந்த இடம் என்று கேட்டிருக்கிறேன். பதில் இல்லை.

தெரிந்தவர்கள் அவளுக்காக துஆச் செய்யுங்கள்.

ஜெஸீமா... உன்னை மண்ணில் வைக்கும்போது நம் ஊர் ஆள் ஒருத்தரும் பக்கத்தில் இருக்கமாட்டார். அல்லாஹ் இருப்பான். அவனிடம் உன்னை ஒப்படைக்கிறேன்டி.